குடிக்கவில்லை, ஊதினார்

என் வீட்டுக்காரர் மருந்தடிக்கும் மெஷின் வாங்கி வந்த அன்று, பெட்டிக்குள் மெஷினோடு ஒரு காகிதமும் இருந்தது. மெஷினை அவர் எடுத்துக்கொண்டார், காகிதத்தை நான் எடுத்துக்கொண்டேன். பின்னால் எங்களுக்குள் வந்த சண்டைகளில் முக்கால்வாசி இந்தப் பாகப்பிரிவினையில் இருந்து வந்தவை.

எழுபதுகளின் கடைசி. பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவில் ஒரு தாலுகா. எங்கள் ஊர் குரும்பலூருக்குப் பக்கம். எங்களுக்கென்று நிலம் கிடையாது. மாமனார் கடைசிவரை அடுத்தவர் பண்ணையில் வேலை பார்த்தவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூடக் குறைவு. 'டேய்' என்பதே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அவருடைய மகன் அதிலிருந்து வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தபோது பருத்தியில் புழு விழுந்தது. கரிசலில் பருத்தி போட்ட அத்தனை பேரும் மருந்து வாங்கினார்கள். அடிப்பதற்கு மெஷின் வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஒருவர், இரண்டு பேர். என் வீட்டுக்காரர் என் காதில் கிடந்ததை விற்று ஒரு பித்தளை டேங்கு மெஷின் வாங்கினார். அதை முதுகில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்த முதல் நாள், மாமனாரை 'டேய்' என்று கூப்பிட்ட அதே மனிதர் இவரை 'மெஷின்காரரே' என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் எட்டாவது வரை படித்தவள். கையில் கிடைத்த காகிதத்தைப் படிக்காமல் கீழே போட எனக்கு வராது. அந்தக் காகிதத்தில் மெஷினைப் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, நான்கு இடத்தில் 'வடிகட்டி' என்று எழுதியிருந்தது. டேங்கின் வாயில் ஒன்று, கிண்ணம் மாதிரி. டேங்குக்குள் பம்பு தண்ணீரை இழுக்கிற இடத்தில் ஒன்று. கையில் பிடிக்கும் குழாயின் பிடிக்குள் ஒன்று. கடைசியாக, மருந்து பொடித் தூறலாகப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் பின்னால், சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் அளவில் ஒன்று. முதல் சல்லடைக்குக் கண் பெரிது, போகப் போகச் சிறிது. முதலாவது விட்டதை இரண்டாவது பிடிக்கும், இரண்டாவது விட்டதை மூன்றாவது. நாசில் ஓட்டை ஊசி முனை அளவுதான். அதில் ஒரு மணல் துளி உட்கார்ந்தால் மொத்த மெஷினும் நின்றுவிடும். எனக்கு இது நியாயமாகப் பட்டது.

அவருக்கு அப்படிப் படவில்லை. மருந்தடிக்கக் கூலி டேங்கு கணக்கில். ஒரு நாளைக்கு எத்தனை டேங்கு அடித்தார் என்பதில்தான் ஒரு மெஷின்காரரின் மதிப்பு. தண்ணீர் எடுத்து வருவது என் வேலை. கிணறோ ஏரியோ எது பக்கமோ அங்கே போய், அலுமினியக் குடத்தில் மொண்டு, இடுப்பில் வைத்து, பருத்திச் சால் வழியே நடந்து வந்து டேங்கில் ஊற்ற வேண்டும். ஏரித் தண்ணீரில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். பாசி, கருவேல இலை, பொடி நத்தை, எருமை குளித்த அடையாளம். இதெல்லாம் டேங்கு வாய்ச் சல்லடையில் தங்கும், தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகும். மெஷின்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருக்க வேண்டும். பக்கத்துப் பருத்திக் கொல்லையில் அடிக்கிறவர் அதற்குள் அரை டேங்கு முன்னே போயிருப்பார்.

மூன்றாவது நாள் அவர் வாய்ச் சல்லடையைக் கழற்றி வரப்பில் வைத்தார்.

"வடிகட்டி போட்டா வேல ஓடுமா? நாம என்ன காப்பியா போடுறோம்?" என்றார்.

வாய்ச் சல்லடை பிடிக்க வேண்டிய பாசியெல்லாம் அடுத்த சல்லடைக்குப் போனது. அது அடைத்தது. அதையும் கழற்றினார். எல்லாம் குழாய்ப் பிடிக்கு வந்தது. பிடியைத் திருகித் திறந்து அந்தச் சல்லடையை எடுத்தார். பிறகு நாசிலுக்குப் பின்னால் இருந்ததையும். இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தவர் நாசிலில் வந்து நின்றார். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மருந்தடிக்க முடியாது. ஆகவே நாசில் அடைக்கும்போதெல்லாம் அதைத் திருகி எடுத்து, வாயில் வைத்து, ஊதினார்.

இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். மெஷின் வாங்கியதும் முதல் வேலையாகச் சல்லடைகளைக் கழற்றுவது, சட்டை வாங்கியதும் அதில் குத்தியிருக்கும் குண்டூசியைக் கழற்றுவது மாதிரி. சல்லடை போட்டு அடிக்கிறவனைப் புதுசு என்று சொல்லிச் சிரிப்பார்கள். வாயில் வைத்து ஊதுவதில் பெருமை வேறு. டீக்கடையில் நான்கு மெஷின்காரர்கள் சேர்ந்தால் எந்த மருந்து என்ன ருசி என்று பேசிக்கொள்வார்கள். ஒன்று நாக்கில் காந்தும், ஒன்று மண்ணெண்ணெய் மாதிரி இருக்கும், ஒன்று முதலில் தித்தித்துப் பிறகு கசக்கும். டப்பாவில் பெயர் படிக்கத் தெரியாத ஒருவர், நாசிலை ஊதிப் பார்த்தே மருந்து கலப்படமா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். அவரைப் பற்றி எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். டப்பாவில் மண்டை ஓடும் இரண்டு எலும்பும் போட்டிருந்தது. அது மட்டும் படிக்கத் தெரியாதவர்களுக்காகவே போட்டது.

எனக்கு அவர் உயிர் முக்கியம். அதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே சண்டை போட்டேன்.

காலையில் அவர் கிளம்புவதற்கு முன் நான்கு சல்லடைகளையும் மாட்டி வைப்பேன். கொல்லைக்குப் போனதும் கழற்றுவார். வரப்பில் கிடப்பதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வேன். மறுநாள் மாட்டுவேன். இது ஒரு மாதம் நடந்தது. பிறகு, சல்லடையை அவர் போடாவிட்டால் போகிறது, தண்ணீரையே நான் வடிகட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்று எனக்கு ஒரு புத்தி தோன்றியது. பழைய நூல் சேலையைக் கிழித்து இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினேன். அன்று நாசில் எப்போதும் அடைப்பதைவிட இரண்டு மடங்கு அடைத்தது. சேலை நைந்த சேலை. அதன் நூல் பிசிறெல்லாம் தண்ணீரோடு இறங்கி நாசிலில் போய்ச் சுருண்டுகொண்டது. அவர் ஒரு பிசிறை நாக்கு நுனியிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார்.

"இது பாசி இல்ல புள்ள. ஒன் சேல," என்றார்.

அன்று என்னால் அவர் நிறையத் தடவை ஊதினார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. காகிதத்தில் பித்தளை வலை என்று தெளிவாகப் போட்டிருந்தது. படித்தவளுக்கும் சில நேரம் அவ்வளவுதான் புத்தி.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலையில் தெருக் குழாயடியில் சண்டை முற்றியது. இருபது குடம் வரிசையில் நின்றது, இருபது பெண்கள் இருந்தார்கள். என் மாமியாரும் இருந்தார். முந்தின நாள் வீட்டுக்குத் திரும்பியதில் இருந்து என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கலாக இருந்தது, தலை வலித்தது, சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். பித்தம் என்று மாமியார் இஞ்சிச் சாறு கொடுத்தார். காலையில் அவர் மறுபடி மெஷினை மாட்டிக்கொண்டு குழாயடி வழியாகக் கிளம்பினார். வாலிகண்டபுரம் பக்கம் ஒருவருடைய பருத்திக்கு நான்காவது நாளாக அடிக்க வேண்டியிருந்தது.

"இன்னொரு தடவ அத வாயில வச்சீங்கன்னா நான் தண்ணி எடுக்க வரமாட்டேன்," என்றேன்.

"வராட்டி போ. எனக்குக் கை இல்லையா, கால் இல்லையா?"

"வச்சு ஊதியே சாவுங்க."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இருபது பெண்களும் தெளிவாகக் கேட்டார்கள். அதில் 'ஊதி' என்ற சொல் மட்டும் பிற்பாடு எல்லாருக்கும் மறந்துபோனது.

அவர் போய்விட்டார். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வரைக்கும் கோபம் இருந்தது. அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. கம்பஞ்சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். கொல்லை மேட்டில் ஏறும்போதே அவர் தெரிந்தார். பருத்தி மார்பளவு நின்றது. தண்ணீரையும் அவரே எடுத்து, மருந்தையும் அவரே கலக்கி அடித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. டேங்கு ஒழுகிய மருந்து. நான் பார்க்கும்போதே நாசிலைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். பத்தடி நடந்தார். மறுபடி கழற்றினார், ஊதினார். மாட்டுவதற்கு நாசிலைக் குழாய் முனைக்குக் கொண்டுபோனார், கை குழாயைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பருத்தி அவரை மூடிவிட்டது.

நான் ஓடினேன். அவர் வாயிலிருந்து நுரையாக எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை, தொடைச் சதை தானாகத் துடித்தது. நாசில் அவர் கைக்குள்ளேயே இருந்தது. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. கொல்லைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு லாரி நின்றது. டிரைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மருந்து குடிச்சுட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஊதுனாரு," என்றேன்.

அந்தப் பதிலை நான் முதல் தடவை சொன்னது அப்போதுதான். பிறகு எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. ஒரு தடவையும் யாருக்கும் அது பதிலாகத் தோன்றவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"எவ்வளவு குடிச்சார்?"

"குடிக்கலங்க. நாசில வாயில வச்சு ஊதுனாரு. நாலு நாளா."

டாக்டர் மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். காலையில் குடித்த கூழ் வந்தது. அதையும் அவரிடம் காட்டி, குடிக்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அந்த வாரத்தில் மட்டும் மருந்து குடித்தவர்களாக நான்கு பேர் அந்த வார்டில் கிடந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பெண் நின்றுகொண்டு குடிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எப்படி உள்ள போனா என்னம்மா, ஊசி ஒண்ணுதான்," என்றார்.

அவரைப் பொறுத்தவரை அது உண்மை. கட்டில் தலைமாட்டில் மாட்டிய சீட்டில் மருந்து குடித்தவர் என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த ஊசி போட்டதும் வாய் காய்ந்துபோய், கண்மணி விரிந்து, அவர் பிதற்ற ஆரம்பித்தார். ஊசியைப் பிடுங்காமல் இருக்க வலது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். இடது கை சும்மா இருந்தது. அது மேலும் கீழும் போய்வந்தது. பம்பு அடிக்கிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது. நர்ஸம்மா வந்தபோது, "டேங்கு காலியாப் போச்சு, தண்ணி எங்க?" என்று கேட்டார். நர்ஸம்மா, "இதோ கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் இந்தப் பக்கம் நின்று அழுதேன். அன்று காலையில் நான் எடுத்துக் கொடுக்காத தண்ணீரைத்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மனிதர் பிழைத்தால் போதும், எத்தனை குடம் வேண்டுமானாலும் எடுக்கிறேன் என்று அங்கேயே சொன்னேன். அவருக்கு அது கேட்டிருக்காது.

மறுநாள் காலையில் மாமியார் வந்தார், ஊர்க்காரர்கள் வந்தார்கள். யாரும் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. குழாயடியில் இருந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"அப்படி என்னடி சண்ட, ஆம்பள மருந்த குடிக்கிற அளவுக்கு?" என்றார் மாமியார்.

"சல்லடைக்காகத்தான் அத்த."

"சல்லடைக்காக எவனாச்சும் சாவானா?"

சல்லடை என்பது நம்பும்படியான காரணமாக இல்லாததால், ஊரில் வேறு காரணங்கள் தயாராகின. நான் தாய்வீட்டுக்குப் போவதாக மிரட்டினேன் என்று ஒன்று. காதில் கிடந்ததை விற்றதற்காகத் தினமும் குத்திக் காட்டினேன் என்று ஒன்று. கடைசியில் எது வென்றது என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாவது நாள் அவருக்குத் தெளிவு வந்தது. அன்றே ஏட்டய்யா வாக்குமூலம் வாங்க வந்துவிட்டார். மருந்து கேஸ் என்றால் ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விடும். வாக்குமூலத்தை அவர் ஸ்டேஷனிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் என்று நினைத்துத் தவறுதலாகக் குடித்துவிட்டதாகவும், யார்மீதும் புகார் இல்லை என்றும் இருந்தது. மருந்து குடித்த எல்லாருக்கும் அதுதான் வாசகம். யாரும் கோர்ட்டுக்கு அலையாமல் இருக்க அவர் செய்யும் தர்மம் அது.

"ஏட்டய்யா, இவரு குடிக்கல. ஊதுனாரு. அப்படி எழுதுங்க," என்றேன்.

"ஊதுனாருன்னு எழுதுற வழக்கம் இல்லம்மா. குடிச்சா குடிச்சாருன்னு எழுதலாம். ஊதுறதுக்கு என்னன்னு எழுதுறது, நாயனம் வாசிச்சாருன்னா?"

வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏட்டய்யாவும் கெட்டவர் இல்லை. சிரித்து முடித்துவிட்டு அவரிடமே கேட்டார்.

"நீயே சொல்லய்யா. குடிச்சியா, ஊதுனியா?"

கட்டிலைச் சுற்றி மாமியார் நின்றார். வாலிகண்டபுரத்துக் கொல்லைக்காரர் நின்றார். அவரைப் பார்க்க வந்த இரண்டு மெஷின்காரர்கள் கால்மாட்டில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அந்த மெஷின்காரர்களைப் பார்த்தார்.

"எழுதுனபடி இருக்கட்டும் சார்," என்றார்.

கையெழுத்துப் போட்டார். நான் கையில் வைத்திருந்த கஞ்சியை அவருக்கு ஊட்ட வேண்டிய நேரம் அது. ஊட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"மெஷின்காரன் ஊதி வுழுந்துட்டான்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கூப்பிடுவான்? கோவத்துல குடிச்சான்னா அது வேற. ஆம்பளைக்குக் கோவம் வரும்."

"அப்ப என் பேரு?"

"நீ வூட்டுல இருக்கிறவ. ஒனக்கென்ன பேரு?"

நான் தினமும் முப்பது, நாற்பது குடம் தண்ணீர் அவருக்காகக் கொல்லையில் சுமந்தவள். வீட்டில் எப்போது இருந்தேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு மாதம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபம் பெரிய கோபம். மனிதர் உயிரோடு திரும்பி வந்த சந்தோஷமும் அதே அளவு இருந்ததால் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

அவர் சொன்னதில் ஒரு பாதி சரியாகப் போனது. யாரும் அவரைக் கூப்பிடாமல் இல்லை. டீக்கடையில் கொஞ்சம் கூடுதல் மரியாதைகூடக் கிடைத்தது, ரோஷக்காரர் என்று. மறுபாதி என்னிடம் வந்தது. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நிற்கும். புருஷனிடம் சத்தம் போடும் பெண்களை, நீயும் அவளைப் போல ஆகிவிடாதே என்று என்னைக் காட்டி அடக்குவார்கள். என் தங்கையைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்தவர்கள், காப்பி குடித்துவிட்டு, மூத்தவள் எப்படி என்று வெளியே விசாரித்துவிட்டு, அதோடு போய்விட்டார்கள். என் அம்மா அதற்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு மாற்றம் நடந்தது. அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று நான் எழுவதற்கு முன்னால் நான்கு சல்லடைகளையும் தானே தேடி எடுத்து மாட்டியிருந்தார். பிடிக்குள் இருந்த சல்லடையில் பழைய பாசி காய்ந்து ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கழுவியும் இருந்தார். நாசில் எப்போதாவது அடைத்தால், தண்ணீரில் அலசி, விளக்குமாற்று ஈர்க்கால் தட்டி எடுத்தார். டேங்கு எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஊதுகிற நேரம் மிச்சமானதே சல்லடையில் தண்ணீர் இறங்குகிற நேரத்துக்குச் சரியாகப் போனது. இதையெல்லாம் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற மெஷின்காரர்கள் கேலி செய்தால், "வூட்டுல தொந்தரவுப்பா," என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். ஆகவே மருந்து குடித்ததற்கும் நான் காரணம், சல்லடை போடுவதற்கும் நான் காரணம் என்று ஆனது.

அடுத்த வருஷம் மார்கழியில் அரியலூர்ப் பக்கம் ஒரு பெரிய கொல்லையில் பருத்திக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு ஒட்டின நிலம். கல் ஏற்றின லாரி ஒவ்வொன்றும் போகும்போது வெள்ளைப் புழுதி எழுந்து பருத்தி இலையில் படியும். கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான், குடத்தில் சற்று வைத்திருந்தால் அடியில் மாவு மாதிரி தங்கும். ஒரே ஆள் அடித்து முடியாது என்று கொல்லைக்காரர் இரண்டு மெஷின் பேசியிருந்தார். மற்றவர் அரியலூர்க்காரர், புதிதாக மெஷின் வாங்கியவர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் மனைவி எனக்கு எதிர்ச் சாலில் குடம் சுமந்தாள். அவளுக்கும் என்னைப் பற்றித் தெரிந்திருந்தது. என்னிடம் மரியாதையாகப் பேசினாள், ஆனால் பக்கத்தில் நின்று பேசவில்லை. பக்கத்துக் கொல்லையில் கொத்தமல்லிக்குக் களை எடுக்க எங்கள் ஊரிலிருந்து பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். மாமியாரும் அதில் ஒருவர்.

அரியலூர்க்காரர் ஒரு சல்லடையும் போடவில்லை. முதல் டேங்கு பாதியிலேயே நாசில் அடைத்துவிட்டது. ஈர்க்கால் குத்தினார், போகவில்லை. குழாயைத் தரையில் தட்டினார். நாங்கள் இந்தக் கோடியில் இருந்தோம், அவர் அந்தக் கோடியில். கொல்லையை ஒட்டிய ரோட்டில் லாரி ஒன்று முக்கிக்கொண்டு மேடேறியது. அவர் நாசிலைக் கழற்றி, சட்டையில் ஒரு தடவை துடைத்து, வாய்க்குக் கொண்டுபோனார்.

என் வீட்டுக்காரர் பம்பை நிறுத்தினார்.

"வாயில வைக்காதப்பா," என்று கத்தினார். "நான் மருந்து குடிக்கல. ஊதித்தான் வுழுந்தேன்."

லாரிச் சத்தத்தில் அந்த மனிதருக்குக் கேட்கவில்லை. நாசிலை உதட்டருகே வைத்துக்கொண்டு, என்ன என்று தலையை ஆட்டினார். இவர் டேங்கை முதுகிலிருந்து கழற்றிக் கீழே போட்டுவிட்டுச் சாலில் நடந்தார். நடந்துகொண்டே இன்னொரு தடவை கத்தினார். அதுவும் போய்ச் சேரவில்லை. கொல்லை நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து லாரி மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டது. எங்கும் சத்தமே இல்லை.

"ஊதாத. நான் குடிக்கல. நாசில ஊதித்தான் வுழுந்தேன்."

களை எடுத்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மாமியார் கையில் களைக்கொட்டோடு அப்படியே நின்றார். அரியலூர்க்காரர் நாசிலை வாயிலிருந்து இறக்கினார்.

"பொண்டாட்டி சண்டையில குடிச்சீங்கன்னு சொன்னாங்களே," என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த அமைதியில் அது எல்லாருக்கும் கேட்டது.

"அது பொய். அவ ஊதாதன்னுதான் சொன்னா. நான் கேக்கல."

அவ்வளவு சொல்லிவிட்டு, தன்னுடைய மெஷினிலிருந்து பிடிச் சல்லடையைக் கழற்றிக்கொண்டுபோய் அவர் மெஷினில் மாட்டிக் கொடுத்தார். அதற்குள் நாங்கள் எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். யாரும் திரும்பவில்லை. நான் குடத்தை இடுப்பில் வைத்தபடி கிணற்றடிப் பாதையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் தளும்பிச் சேலை நனைந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மூன்று தடவை கத்தினார். எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. ஆனாலும் மற்ற இரண்டையும் நின்று கேட்டேன்.